புதுச்சேரி வானத்தின் கீழ்: வானியலையும் விசுவாசத்தையும் சேர்த்துக் கற்கத் தொடங்குவோருக்கு

புதுச்சேரியிலும் கடலூரிலும் வாழும் கிறிஸ்தவர்கள் வானியல் கற்கத் தொடங்குவதற்கு ஏற்ற வேளை, நள்ளிரவு வழிபாடு முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும் வேளையே ஆகும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, உயிர்ப்புப் பெருவிழா என ஆண்டுக்கு மூன்று இரவுகளாவது நாம் குடும்பத்தோடு வெளியில் இருக்கிறோம். அந்த இரவுகளில் எந்த விண்மீன்கள் தலைக்கு மேலே நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். தொலைநோக்கி வாங்கும் வரை காத்திருக்கவோ, பெரிய நூல்களைப் படித்து முடிக்கவோ தேவையில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே வரிசைமுறையை வலியுறுத்துகிறது: முதலில் வானத்தைப் பாருங்கள், அடுத்து, பார்த்தது எப்படி நிகழ்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள், அதன் பிறகு மறைநூலைத் திறங்கள். இந்த வரிசையை மாற்றி, வசனத்தை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு வானத்தில் சான்று தேடுவோர், வசனத்தையும் சரியாக வாசிப்பதில்லை, வானத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி: கண்ணும் இடமும் காலமும்

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் பழக்கம் கலைந்துவிடும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டால் விண்மீன் வரைபடத்தைப் படிக்கலாம், கண்ணும் கெடாது. ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள இரவுநேரச் சிவப்புத் திரையை இயக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஏதேனும் வாங்க விரும்பினால், 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உள்ள பைனாகுலர் போதும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும், கார்த்திகைக் கூட்டத்தின் பல பத்து விண்மீன்களும் அதில் தெரியும். எந்தக் கருவியையும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விளக்குகள் மிகுதி என்றாலும் கிழக்கே கடல் இருப்பதால் அந்தப் பக்கத்து வானம் ஓரளவு இருட்டாகவே இருக்கும். வீராம்பட்டினம், நல்லவாடு, கடலூரின் தேவனாம்பட்டினம் ஆகிய கடற்கரைகள் இதைவிட நல்லவை. வீட்டு மொட்டை மாடியும் தொடக்கத்துக்குப் போதுமானதே. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை (டிகிரி) வட அகலாங்கில் இருப்பதால், துருவ விண்மீன் வடக்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகை உயரத்தில் நிற்கிறது. கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே வடக்கில் ஒரு முட்டிக்குச் சற்று மேலே தேட வேண்டும். வடக்கில் துருவ விண்மீன் இவ்வளவு தாழ்ந்திருப்பதாலேயே, ஐரோப்பியர் தங்கள் ஊரில் பார்க்க இயலாத தென்வானம் நமக்குத் திறந்து கிடக்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும், ஜூன் தொடங்கி மாலைநேர மேகங்களும் குறுக்கிடும். மேகத்தின் வேதனையை இந்த ஊரில் மிக அதிகமாக அனுபவித்தவர் கில்லோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். இளமையில் குருவாக எண்ணிப் பின்னர் வானியலுக்கு வந்த அவர், வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைப் பார்க்க 1760இல் புறப்பட்டார். 1761ஆம் ஆண்டுக் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். அடுத்த கடப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. ஆயினும் அவர் இங்கே தங்கிய காலத்தில் தமிழ்க் கணிதர்களின் கிரகணக் கணிப்பு முறையைக் கற்று ஐரோப்பாவுக்கு அறிவித்தார். புதியவர்கள் அவரை அறிந்திருப்பது நல்லது. வானியலில் பொறுமை என்பது முதல் நாளிலேயே தேவைப்படும் பண்பு.

இரண்டாம் படி: உயிர்ப்புப் பெருவிழா இரவு

மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ உயிர்ப்புப் பெருவிழா வரும் ஆண்டுகளில், பாஸ்கா திருவிழிப்பு நடைபெறும் நள்ளிரவை ஒட்டியே தென்சிலுவை என்னும் விண்மீன் குழு நம் ஊரின் தெற்கு வானில் நிமிர்ந்து நிற்கிறது. பெருவிழா ஏப்ரல் பிற்பகுதியில் வந்தால் இரவு 11 மணிக்கு முன்பே அது நிமிர்ந்துவிடும். அடிவானத்துக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு முட்டி உயரத்தில் நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் தெரியும். அதற்குக் கிழக்கே, அதாவது தெற்கு நோக்கி நிற்போருக்கு இடப்பக்கத்தில், இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் அருகருகே நிற்கும். அவற்றுள் சிலுவைக்குத் தொலைவில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, அது 4.4 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு.

அந்த ஆல்ஃபா சென்டாரி உண்மையில் ஒன்றல்ல, இரட்டை விண்மீன் என்பது முதன்முதலில் நம் புதுச்சேரியில் இருந்துதான் கண்டறியப்பட்டது. 1689 டிசம்பரில் இயேசு சபைக் குரு ழான் ரிஷோ ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தபோது இதைக் கண்டார். நம் மண்ணில் நின்று ஒரு குரு செய்த இந்தக் கண்டுபிடிப்பு மறைக்கல்வி வகுப்புகளில் ஏன் சொல்லப்படுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இரண்டாகப் பிரித்துக் காண நடுத்தரமான ஒரு தொலைநோக்கி இப்போது போதும்.

தென்சிலுவை குறித்து ஓர் எச்சரிக்கையும் இங்கேயே தேவைப்படுகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், இன்று எருசலேமில் முழுமையாகத் தெரியாத இந்தச் சிலுவை, இயேசு வாழ்ந்த காலத்தில் அந்நகரின் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தெரிந்தது. செய்தி அழகானது, கணக்கும் சரியானது. ஆனால் அக்காலத்துக் கிரேக்கர் இந்த விண்மீன்களைச் சென்டாரஸ் குழுவின் பகுதியாகவே எண்ணினர். சிலுவை என்று பார்த்தவர்கள் பிற்காலத்துக் கடலோடிகள். ஆகவே இதைக் கடவுள் வானில் எழுதிய அடையாளம் என்று மேடையில் அறிவிக்க வேண்டாம். அந்த நிமிடத்தில் தானாக மனத்தில் எழும் நன்றியே போதும்.

பெருவிழா ஏன் ஒவ்வோர் ஆண்டும் நாள் மாறுகிறது என்பதைக் கற்பதுதான் இந்த இரவின் அடுத்த பாடம். 325இல் நடந்த நிசேயா சங்கத்தை அடுத்து நிலைபெற்ற விதியின்படி, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. 2027ஐ எடுத்துக்கொண்டால், மார்ச் 22 திங்கட்கிழமை முழுநிலவு. மார்ச் 28 பெருவிழா. திருச்சபை பயன்படுத்துவது கணக்கிட்ட முழுநிலவு என்பதால் வானத்து முழுநிலவிலிருந்து சில ஆண்டுகளில் சற்று வேறுபடலாம். பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீண்டிருந்ததால், 16ஆம் நூற்றாண்டுக்குள் பிழை 10 நாட்களாகப் பெருகியிருந்தது. 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி அந்த 10 நாட்களை நீக்கி, அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 ஆக்கினார். அந்தத் திருத்தத்தை விளக்கி நிலைநாட்டியவர் இயேசு சபைக் கணிதரான கிறிஸ்டோபர் கிளாவியுஸ். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி, சரியான நாளில் வழிபட வேண்டும் என்ற அக்கறையில் பிறந்தது.

புனித வெள்ளியன்று மூன்று மணி நேரம் இருள் சூழ்ந்தது என்ற நற்செய்திப் பகுதியைச் சூரிய கிரகணம் என்று விளக்குவோர் இன்றும் உள்ளனர். நாட்காட்டியைப் புரிந்துகொண்டவர் இதை ஏற்க முடியாது. பாஸ்கா விழா முழுநிலவில் வருவது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழ்வது. மேலும், முழுச் சூரிய கிரகணம் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் இதே காரணத்தைக் காட்டிக் கிரகண விளக்கத்தை மறுத்திருக்கிறார். வானியல் இங்கே விசுவாசத்துக்குச் செய்யும் உதவி மிகப் பெரியது: தவறான சான்றிலிருந்து அது நம்மைக் காப்பாற்றுகிறது.

மூன்றாம் படி: கிறிஸ்துமஸ் இரவு

டிசம்பர் 24 நள்ளிரவில் மழை மேகம் வழிவிட்டால், வானத்தின் மிகச் சிறந்த பகுதி நம் தலைக்கு மேல் இருக்கும். உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஓரியன் குழுவும், அதன் நடுவே வரிசையாக மூன்று விண்மீன்களும் தெரியும். அங்கிருந்து தென்கிழக்காகக் கண்ணை இறக்கினால் இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீனான சிரியஸ். இன்னும் தெற்கே தாழ்வாக, இரண்டரை முட்டி உயரத்தில், நம் முன்னோர் அகத்தியர் விண்மீன் என்று அழைத்த கனோபஸ். மேற்கே சாய்ந்திருக்கும் சிறு கொத்து, தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அறுமீன் என்று வரும் கார்த்திகை.

இவற்றின் தொலைவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரியஸ் 8.6 ஒளியாண்டு. கனோபஸ் சுமார் 310. கார்த்திகை ஏறத்தாழ 440. அதாவது இன்றிரவு நம் கண்ணில் விழும் கார்த்திகையின் ஒளி, கிளாவியுஸ் நாட்காட்டியைத் திருத்திய காலத்தில், இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழில் முதல் நூல்களை அச்சிட்ட தலைமுறையில், அங்கிருந்து புறப்பட்டது. ஓரியனின் மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகைத்திட்டு, சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுமேகம். படைப்பு என்பது என்றோ முடிந்துபோன ஒன்று என எண்ணுவோர் இதைப் பைனாகுலரில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு யோபு நூலின் 9ஆம், 38ஆம் அதிகாரங்களையும், ஆமோஸ் 5:8ஐயும் வாசியுங்கள். அவை பேசுவது இதே கார்த்திகையையும் இதே ஓரியன் பகுதி விண்மீன்களையும்தான். யோபுவிடம் கடவுள் கேட்கும் கேள்வி, வீட்டுக்குள் விளக்கடியில் வாசிக்கும்போது இருப்பதைவிட, அவற்றின் கீழே நின்று வாசிக்கும்போது மிகக் கூர்மையாக விழுகிறது.

பெத்லகேம் விண்மீன் எது என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். லூத்தரன் சபையைச் சேர்ந்த யோகன்னஸ் கெப்லர், 1603இல் வியாழனும் சனியும் அருகருகே வந்ததைக் கண்டு, கி.மு. 7இல் அந்த இரு கோள்களும் மும்முறை நெருங்கியதைக் கணக்கிட்டார். வால்மீன், வெடித்த விண்மீன் என்றும் பலர் விளக்கியுள்ளனர். எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. மத்தேயு நற்செய்தி ஞானிகளின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லவில்லை. விண்மீனைக் கண்டவர்கள் புறப்பட்டு வந்தார்கள் என்பதையே அது அழுத்திச் சொல்கிறது. குழந்தைகளிடம் இந்த விளக்கங்கள் அனைத்தையும் சொல்லி, விடை உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

நான்காம் படி: பகலில் ஒரு பாடம்

ஞாயிறு பள்ளிக்கு ஏற்றது இது. ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும், ஓரிரு நாள் முன்பின்னாக, பகல் 12.10 மணியளவில் சூரியன் புதுச்சேரிக்கு நேர் உச்சியில் வரும். அப்போது நேராக நட்ட கோலுக்கு நிழல் இருக்காது. ஆலய முற்றத்தில் ஒரு கோலை நட்டு, வாரந்தோறும் நண்பகல் நிழலின் நுனியைக் குறித்து வந்தால், ஓர் ஆண்டில் சூரியனின் பயணம் தரையில் வரைபடமாகக் கிடைக்கும். இத்தாலியின் பொலோஞா நகரில் உள்ள சான் பெத்ரோனியோ பேராலயத்தில் 1655இல் வானியலாளர் காசினி செய்ததும் இதுவே: கூரையில் ஒரு துளை வழியே விழும் சூரிய ஒளியைத் தரையில் பதித்த கோட்டின்மேல் அளந்தார். உயிர்ப்புப் பெருவிழாவைச் சரியாகக் கணிப்பதற்கு உதவிய பல ஆலயங்கள் இவ்வாறு சூரிய ஆய்வகங்களாகவும் பணியாற்றின.

ஐந்தாம் படி: மறைநூலை வாசிக்கும் முறை

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் சூரியனும் சந்திரனும் பெயர் சொல்லப்படாமல், பெரிய சுடர் என்றும் சிறிய சுடர் என்றும் வருவதைக் கவனியுங்கள். சுற்றியிருந்த மக்கள் அவற்றைத் தெய்வங்களாக வழிபட்ட காலத்தில், அவை படைக்கப்பட்ட விளக்குகளே என்று அந்நூல் அறிவித்தது. வழிபாட்டுக்கு உரியதல்லாத ஒன்றை அளக்கலாம், கேள்வி கேட்கலாம். விசுவாசம் வானியலுக்குக் கொடுத்த உரிமை இது. அதே அதிகாரத்தை வானியல் பாடநூலாக வாசிப்பது அதன் நோக்கத்துக்கு மாறானது. விண்மீன்களைப் பற்றித் தெரியாமல் பேசி அதற்கு மறைநூலை மேற்கோள் காட்டும் கிறிஸ்தவர்களால் விசுவாசமே இகழப்படுகிறது என்று புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். ஆந்திரோமேடா விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று கற்பிக்கப்பட்ட இளைஞர் இதை அறியும்போது அவரைக் கடிந்துகொள்ளாமல், அகுஸ்தினாரின் இந்த எச்சரிக்கையை அவருக்குக் காட்டுங்கள்.

கலிலேயோவைப் பற்றிய கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் திருச்சபை நீதிமன்றம் அவரைக் கண்டனம் செய்தது. அது தவறு என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், 1801 ஜனவரி 1 அன்று சீரிஸ் என்னும் குறுங்கோளைக் கண்டறிந்த பியாட்சி ஒரு குரு என்பதும், விண்மீன்களை நிறமாலை கொண்டு வகைப்படுத்திய செக்கி இயேசு சபையினர் என்பதும் நம்பத்தகுந்த செய்திகளாகக் கேட்போரை அடையும்.

எல்லாரையும்விட விரிவாக அறிய வேண்டியவர் ஜார்ஜ் லெமெத்ர். பெல்ஜியம் நாட்டுக் குருவான இவர், பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து வருவித்தார்; 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை முன்வைத்தார். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காணும் வகையில் உரையாற்றியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெத்ர் கலக்கமுற்றார். நாளை திருத்தப்படக்கூடிய ஓர் அறிவியல் கோட்பாட்டின்மேல் விசுவாசத்தை ஊன்றக் கூடாது என்பது அவர் நிலை. அவர் நாள்தோறும் ஜெபித்தவர். நாள்தோறும் கணக்கும் போட்டவர். ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு அனுப்பவில்லை. 1966 ஜூனில் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு, பிரபஞ்சத்தின் தொடக்க வெப்பத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி அவரை எட்டியது. புதியவர் ஒருவர் யாரேனும் ஒருவரின் வாழ்க்கையை முன்மாதிரியாகக் கொள்ள விரும்பினால், நான் இவரையே பரிந்துரைப்பேன்.

வானியல் பழகிய பின்பு பலருக்கு ஒரு மனச்சோர்வு வருவதுண்டு: 1,380 கோடி ஆண்டு வயதுள்ள பிரபஞ்சத்தில் என் ஜெபத்துக்கு என்ன இடம் என்ற சோர்வு. அவர்கள் 147ஆம் சங்கீதத்தின் 3ஆம், 4ஆம் வசனங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். விண்மீன்களை எண்ணிப் பெயரிட்டு அழைப்பவர் என்று சொல்வதற்கு முந்தைய வசனத்தில், நொறுங்கிய உள்ளத்தாரின் காயங்களைக் கட்டுகிறவர் என்று அவரையே அந்தச் சங்கீதம் சொல்கிறது. இரண்டு வசனங்களுக்கும் நடுவே எந்தத் தயக்கமும் இல்லை.

ஆறாம் படி: பங்கிலும் சபையிலும் தொடங்குதல்

நட்சத்திரம் பார்க்கிறோம் என்றவுடன் ஜாதகம் என்று எண்ணிக்கொள்வோர் நம் ஊரில் அதிகம். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் திருமணத்துக்கு நாள் பார்ப்போர் உண்டு. கடுஞ்சொல் வேண்டாம். ஒரே நேரத்தில் பிறந்த செல்வந்தரின் மகனும் அடிமையின் மகனும் வேறு வேறு வாழ்வு வாழ்ந்ததைக் காட்டி அகுஸ்தினார் சோதிடத்தை விட்டு விலகிய கதை பெரும்பாலும் போதுமானது. அதே நேரம், பஞ்சாங்கக் கணிதத்தை மதிக்கக் கற்றுக்கொடுங்கள். புதுச்சேரியில் ஒரு கணிப்பாளர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தின் தொடக்கத்தைச் சில நிமிடப் பிழைக்குள் கணித்ததை, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் பதிவு செய்திருக்கிறார். அந்த அறிவு வேறு, கிரகணத்தைப் பார்த்து அஞ்சுவது வேறு.

அன்பியக் கூட்டத்திலோ இளையோர் கூட்டத்திலோ ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமையில், ஒரு மணி நேரம் பார்வையும், கால் மணி நேரம் விளக்கமும், இறுதியில் ஒரு சங்கீதமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் செல்லலாம். அங்கே 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர் நாளையும் நேரத்தையும் முன்பே உறுதி செய்துகொண்டு புறப்பட வேண்டும்.

பெரிய திட்டம் ஒன்று வேண்டுமானால், 2028 டிசம்பர் 31 ஞாயிறு இரவைக் குறித்து வையுங்கள். அன்று முழுச் சந்திர கிரகணம். இரவு 8.40 மணியளவில் பூமியின் நிழல் நிலவைத் தொடும், 9.45 முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிலவு செம்மையாக நிற்கும். நள்ளிரவை ஒட்டி நிழல் முற்றிலும் விலகும். அந்தச் செந்நிறம், பூமியைச் சுற்றிலும் அந்த நொடியில் நிகழும் எல்லா விடியல்களின், எல்லா அந்திகளின் ஒளியும் காற்று மண்டலத்தில் வளைந்து நிலவின்மேல் விழுவதால் உண்டாவது. ஆண்டிறுதி நன்றி வழிபாட்டுக்கு மக்கள் கூடும் அதே இரவு இது. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ சில மாதங்களுக்கு முன்பே பேசி, வழிபாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு வளாக விளக்குகளை அணைக்க அனுமதி பெறுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அச்சமின்றிப் பார்க்கலாம், சந்திர கிரகணத்துக்குக் கண்ணாடி எதுவும் தேவையில்லை என்பதை முந்தைய ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லச் செய்யுங்கள். முதியோருக்கு நாற்காலிகளைக் கிழக்கு நோக்கிப் போட்டு வையுங்கள்; நிலவு அந்நேரம் கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும்.